எகிப்துக் கோயில்களின் பழைய போட்டோக்கள்: எங்கே ஏமாறுகிறோம்?

பழுப்பேறிய படம், கீழே 1850 என்று ஒரு வருடம். உடனே "அப்போது அப்படியே இருந்திருக்கிறது பாருங்கள்" என்று பகிர்ந்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், இடம் வலம். 1839-இல் வந்த டாகரோடைப், வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் நேரடியாக விழும் படம். முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பெரும்பாலும் திருப்பித்தான் காட்டும். சுவரில் உள்ள சித்திர எழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும், ஆனால் எகிப்தியர்கள் அதை இரண்டு பக்கமிருந்தும் எழுதியவர்கள், அதனால் திருப்பிய படமும் சரியாகவே தெரியும். கட்டடத்தைத்தான் பார்க்க வேண்டும். லக்சர் கோயில் வாசலில் இருந்த இரண்டு ஓபிலிஸ்க் (ஒரே கல்லில் செதுக்கிய உயரமான) தூண்களில் வலப்பக்கத்தது பாரிசுக்குப் போய் 1836-இல் அங்கே நட்டாகிவிட்டது. எனவே வாசலுக்கு நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் தூண் வலப்பக்கம் இருந்தால், படம் திரும்பியிருக்கிறது.

அடுத்து, "ஆளே இல்லாத பாழிடம்" என்ற கற்பனை. லக்சர் கோயிலுக்குள்ளேயே வீடுகள் இருந்தன, மசூதி இன்றும் இருக்கிறது. அன்றைய காகித நெகட்டிவுக்கு வெளிச்சம் நிறைய நேரம் பட வேண்டும், நடந்து போகிறவர் பதியவே மாட்டார். பதிந்தவர் நிறுத்திவைக்கப்பட்டவர். 1849-51-இல் எகிப்தில் பயணம் செய்து படமெடுத்த பிரெஞ்சு எழுத்தாளர் மாக்சிம் து காம்ப், சிலையின் உயரம் தெரிவதற்காகத் தன் படகுக்காரர் ஒருவரை அதன்மேல் ஏற்றி நிற்கவைப்பாராம். அசைந்தால் சுட்டுவிடும் பீரங்கி இது என்று கேமராவைக் காட்டி மிரட்டியதாக அவரே எழுதியிருக்கிறார். (இதைப் பெருமையாக வேறு எழுதினார்!)

வானம் வெள்ளையாக இருப்பதும் வெயிலால் மட்டும் இல்லை. அன்று படம் பதியப் பயன்பட்ட ரசாயனங்கள் நீலத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும், சிவப்பைக் கறுப்பாக்கிவிடும். சுவர் வண்ணங்களை இவற்றிலிருந்து ஊகிக்காதீர்கள்.

"1850-இல் கல்லறையின் உள்ளே" என்று தலைப்பு வந்தால் நன்றாகவே சந்தேகப்படலாம். உள்ளே ஏது வெளிச்சம்? பிரான்சிஸ் ஃப்ரித் போன்ற அன்றைய புகைப்படக்காரர்களுக்குக் கல்லறை, படம் கழுவும் இருட்டறையாகத்தான் பயன்பட்டது. பெரிய பிரமிடுக்குள் 1865-இல் வானியலாளர் பியாசி ஸ்மித், வெளிச்சத்துக்காக மக்னீசியத்தை எரித்துத்தான் படமெடுத்தார்.

அப்புறம், படத்தில் இருப்பதை இன்றும் அதே இடத்தில் போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பது. அபு சிம்பெல் கோயில், அஸ்வான் அணை நீரில் மூழ்காமலிருக்க 1964-68-இல் அறுத்து எடுக்கப்பட்டு, சுமார் 65 மீட்டர் மேலே திரும்பக் கட்டப்பட்டது. அதற்காவது இடம் மாறியதோடு போயிற்று. து காம்ப்பும் ஃப்ரித்தும் படமெடுத்த அர்மந்த் ஊர்க் கோயில், கிளியோபாட்ரா காலத்தது, 1860-களில் சர்க்கரை ஆலை கட்டுவதற்காக இடிக்கப்பட்டது. இன்று நீங்கள் அங்கே தேடிப் போனால் அந்தத் தூண்கள் இல்லை, படங்கள்தான் இருக்கின்றன.