பாலே குழுவின் தலைமைப் பட்டியலைப் படிப்பது எப்படி?

பெரிய பாலே குழு ஒன்றின் நிகழ்ச்சிக் கையேட்டைப் புரட்டினால், கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் வரிசையாகப் பெயர்கள் இருக்கும். கலை இயக்குநர், நிர்வாக இயக்குநர், ஒத்திகை இயக்குநர், பாலே மாஸ்டர், ரெபெட்டிட்டர் (ஏற்கெனவே அமைத்த நடனத்தைக் கலைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்), இசை இயக்குநர், கம்பெனி மேனேஜர், அறங்காவலர்கள். பிள்ளையை ஆடிஷனுக்கு அனுப்பும் பெற்றோர், கலை நிர்வாகத்தில் வேலை தேடுபவர், நடனம் பற்றி எழுதுபவர் எல்லாரும் நிதானமாகப் படிக்க வேண்டிய பக்கம் அது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் குழு எந்தப் பக்கம் போகும், யாருக்கு வாய்ப்பு கிடைக்கும், பணம் எப்படி வரும் என்பதற்கான தடயங்கள் அங்கேதான் இருக்கின்றன.

பலரும் முதலில் தேடுவது, கலை இயக்குநர் எந்தெந்த வேடங்களில் ஆடினார் என்பதை. அதைவிட அதிகம் சொல்வது ஓர் இடைவெளி. அவர் மேடையை விட்டு இறங்கிய ஆண்டு எது, பொறுப்பேற்ற ஆண்டு எது, நடுவில் என்ன செய்தார்? பாலே கலைஞர்கள் பொதுவாக முப்பதுகளின் கடைசியிலோ நாற்பதை ஒட்டியோ ஓய்வு பெறுகிறார்கள். பாரிஸ் ஓபராவின் பாலே குழுவில் ஓய்வு வயது 42. அதற்குப் பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும் தெம்பு இருக்கும். அந்தக் காலத்தில் கற்றதைக் கொண்டுதான் குழுவை நடத்துகிறார்கள்.

யார் யாருக்குப் பதில் சொல்கிறார்?

பெயர்களுக்குள் போகும் முன், ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் உச்சியில் இருப்பது அறங்காவலர் குழு. அதன் கீழ் பெரும்பாலும் சம உயரத்தில் இரண்டு பேர். மேடையில் வரும் எல்லாவற்றுக்கும் கலை இயக்குநர். பணம், ஒப்பந்தம், நன்கொடை, டிக்கெட் ஆகியவற்றுக்கு நிர்வாக இயக்குநர். நியூயார்க் சிட்டி பாலே பிறந்ததே இப்படி ஓர் இரட்டைத் தலைமையில்தான். 1933-ல் ஜார்ஜ் பாலன்சினை அமெரிக்காவுக்கு அழைத்தவர் லிங்கன் கர்ஸ்டீன். 1934-ல் முதலில் பள்ளியைத் தொடங்கினார்கள். பல குழுக்கள் தோன்றி மறைந்த பிறகு 1948-ல் இன்றைய பெயரில் குழு வந்தது. கர்ஸ்டீன் பாலே கலைஞர் அல்லர். ஹார்வர்டில் படித்தவர், பல்பொருள் பேரங்காடி வணிகக் குடும்பத்தில் வளர்ந்தவர். பாலன்சின் நடனம் அமைக்க, கர்ஸ்டீன் பணமும் இடமும் ஆளும் தேடிக் கொடுத்தார். ஆகவே நிர்வாக இயக்குநர் ஆடத் தெரியாதவர் என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். அவர் முன்பு எந்த அளவு வரவுசெலவைக் கையாண்டார், எங்கே எத்தனை ஆண்டு நிலைத்தார் என்று மட்டும் பாருங்கள்.

லண்டனில் அமைப்பு வேறு. ராயல் பாலே தனித்து நிற்கும் நிறுவனம் அல்ல. ஓபராவும் பாலேயும் ஒரே கட்டடத்தில், ஒரே நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன. 2013-ல் அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக வந்த அலெக்ஸ் பியர்ட், அதற்கு முன் டேட் அருங்காட்சியகத்தில் துணை இயக்குநராக இருந்தவர். பாரிஸிலும் நடன இயக்குநருக்கு மேல் ஓபராவின் பொது இயக்குநர் இருக்கிறார். மேடை நாட்களை ஓபராவோடு பங்குபோட வேண்டிய குழுவில், பாலே இயக்குநருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கும் என்பதை இந்தக் கோட்டுப்படம் காட்டிவிடும்.

நான்கு பத்தித் தாள்

அடுத்து ஒவ்வொரு கலைத் தலைவருக்கும் நெடுக்காக நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: எங்கே பயின்றார்; எந்தக் குழுவில், எந்தப் படிநிலை வரை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை ஆடினார்; நடுவில் என்ன செய்தார்; எப்போது பொறுப்பேற்றார். ஆண்டு இல்லாத கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். பிறகு விசாரிக்க வேண்டியது அந்தக் கட்டத்தைத்தான்.

2012-ல் ராயல் பாலே இயக்குநரான கெவின் ஓ'ஹேரை எழுதிப் பார்ப்போம். ராயல் பாலே பள்ளியில் பயின்றவர், பர்மிங்ஹாம் ராயல் பாலேயில் பிரின்சிபல், அதாவது உச்சப் படிநிலைக் கலைஞர். 2000-ல் ஆடுவதை நிறுத்தியதும் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் நாடகக் குழு நிர்வாகம் கற்றார். பிறகு பர்மிங்ஹாமில் கம்பெனி மேனேஜர். 2006-ல் அதே பதவியில் ராயல் பாலே. 2009-ல் நிர்வாகப் பொறுப்பு இயக்குநர். பயணச்சீட்டு, தங்குமிடம், காயப்பட்டவருக்கு மாற்று ஆள், தொழிற்சங்கப் பேச்சு என்று கம்பெனி மேனேஜர் மேசைக்கு வராத பிரச்சினை கிடையாது. பன்னிரண்டு ஆண்டு அந்த மேசைகளில் இருந்துவிட்டு வந்தவர் அவர்.

அவருக்கு முன் இருந்த மோனிகா மேசனின் தாள் வேறு மாதிரி. 1958-ல் பதினாறு வயதில் குழுவில் சேர்ந்து, 1968-ல் பிரின்சிபல் ஆனார். 1980-களில் நடன அமைப்பாளர் கென்னத் மெக்மில்லனின் நடனங்களைச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு மாறி, 1991-ல் துணை இயக்குநர், 2002-ல் இயக்குநர். 54 ஆண்டும் ஒரே குழு. குழுவின் நினைவு முழுக்க அவர் உடம்பில் இருந்தது. அவர் பொறுப்பேற்ற சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஆஸ்திரேலியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட ராஸ் ஸ்ட்ரெட்டன் 2001-ல் வந்து 2002-லேயே விலகியிருந்தார். ஆட்டம் கண்ட குழுவுக்கு உள்ளிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உள்ளாள், வெளியாள் என்ற வேறுபாட்டைப் பாரிஸ் போலத் தெளிவாகக் காட்டும் இடம் இல்லை. அங்கே கீழிருந்து மேலாக கேட்ரில், கோரிஃபே, சூஜே, பிரமியே, எத்வால் என்று ஐந்து படி. கீழ்ப்படிகளில் ஏற நெடுங்காலம் உள்போட்டித் தேர்வுதான் வழி. 2014-ல் நடன இயக்குநராக வந்த பெஞ்சமின் மில்பியே நியூயார்க் சிட்டி பாலேயில் பிரின்சிபலாக இருந்தவர். லாஸ் ஏஞ்சலிஸில் சிறு குழு ஒன்றை நடத்திவந்தார். இரண்டு ஆண்டு நிறைவதற்குள் விலகிவிட்டார். அடுத்து வந்த ஓரெலி டுபோன் பாரிஸ் எத்வால். 2015-ல் மேடைக்கு விடைகொடுத்து 2016-ல் இயக்குநர் ஆனவர், அதாவது நடுக்கட்டம் ஏறக்குறைய காலி. 2022 இறுதியில் வந்த ஹோசே மார்ட்டினெஸின் தாளில் இரண்டும் உண்டு: அவரும் பாரிஸ் எத்வால்; 2011 முதல் 2019 வரை ஸ்பெயினின் தேசிய நடனக் குழுவை நடத்தியவர். வீட்டின் வழக்கமும் தெரிந்து, வெளியே ஒரு குழுவை நடத்திய அனுபவமும் இருப்பதுதான் எங்கள் பார்வையில் வலுவான சேர்க்கை.

அமெரிக்கன் பாலே தியேட்டரின் சூசன் ஜாஃபியும் அந்த வகை. 1983 முதல் அங்கே பிரின்சிபல், 2002-ல் ஓய்வு. 2012 முதல் 2020 வரை வட கரோலினா கலைப் பள்ளியில் நடனத் துறையின் டீன், அடுத்து பிட்ஸ்பர்க் பாலே தியேட்டரின் கலை இயக்குநர், 2022 டிசம்பரில் தாய்க்குழுவுக்கே தலைவர்.

வாழ்க்கைக்குறிப்பில் வழுக்கும் சொற்கள்

எழுதியது பொய்யாக இருக்காது. ஆனாலும் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்வார்.

“பிரின்சிபல் வேடங்களில் ஆடினார்” என்பது பிரின்சிபல் பதவி அல்ல. கோர் டி பாலேயில், அதாவது சேர்ந்து வரிசையாக ஆடும் கீழ்ப்படிக் குழுவில், இருக்கும் இளம் கலைஞருக்கும் ஒருவர் காயப்பட்ட மாலையில் பெரிய வேடம் கிடைக்கும். பதவி உயர்வு ஆண்டு எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். படிநிலைப் பெயரும் குழுவுக்குக் குழு மாறும்: நியூயார்க் சிட்டி பாலேயில் கோர், சோலோயிஸ்ட், பிரின்சிபல், ராயல் பாலேயில் ஆர்ட்டிஸ்ட், ஃபர்ஸ்ட் ஆர்ட்டிஸ்ட், சோலோயிஸ்ட், ஃபர்ஸ்ட் சோலோயிஸ்ட், பிரின்சிபல். லண்டன் சோலோயிஸ்டுக்கு மேல் இன்னும் இரண்டு படி உண்டு, நியூயார்க் சோலோயிஸ்டுக்கு ஒன்றுதான்.

“அந்தப் பள்ளியில் பயின்றார்” என்பது எட்டு ஆண்டாகவும் இருக்கலாம், ஐந்து வாரக் கோடைப் பயிற்சியாகவும் இருக்கலாம். “கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட்” என்பது ஒரு மாலையாக இருக்கலாம். “இன்னாருடன் பணியாற்றினார்” என்றால், அந்த நடன அமைப்பாளர் இவர் உடம்பில் புதிதாக நடனம் அமைத்தாரா, அல்லது ஏற்கெனவே இருந்ததை ஒத்திகையில் திருத்தினாரா என்று கேட்க வேண்டும். முதல் வகையைக் குறிப்பில் பெரும்பாலும் “அவருக்காக உருவாக்கப்பட்ட வேடம்” என்று தனியாகவே எழுதுவார்கள்.

கலைப் பணியாளர்கள்: நடனம் உண்மையில் கைமாறும் இடம்

பாலே மாஸ்டரைத் தமிழ் வாசகர் நட்டுவனார் என்று எண்ணிக்கொண்டால் பாதி சரி. காலை வகுப்பு எடுப்பதும், எண்ணிக்கை சொல்வதும், கால் எங்கே விழவேண்டும் என்று திருத்துவதும் அவர்தான். ஆனால் அவர் காப்பது பெரும்பாலும் பிறர் அமைத்த நடனத்தை.

இந்தப் பட்டியலில் முதலில் கவனிக்க வேண்டியது, கோர் டி பாலேயை மட்டும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பது. “லா பயாடேர்” பாலேயின் நிழல்கள் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 24 அல்லது 32 பெண்கள் வெள்ளை உடையில், சரிவுமேடை வழியே ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். ஒரு கால் பின்னால் உயரும், உடம்பு முன்னால் சாயும், பின் நிமிர்ந்து ஓர் அடி, மறுபடியும் அதே. முதலில் இறங்கியவர் கடைசி ஆள் வரும்வரை அதையே செய்துகொண்டிருப்பார். ஒருவர் காலைச் சற்று அதிகம் தூக்கினாலும் வரிசை முழுதும் உடைந்ததாகத் தெரியும். இதைச் சீராக்க எல்லாக் கால்களின் உயரத்தையும் நினைவில் வைத்திருக்கும் ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அதே வரிசையில் பல ஆண்டு நின்று ஆடியவர். அவருடைய குறிப்பில் பெரிய வேடங்கள் இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள், அந்த வேலைக்கு அதுதான் தகுதி. (இந்த பாலே கோயில் நடனப்பெண்ணைப் பற்றியது. ரஷ்யாவில் 1877-ல் இது மேடையேறுவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு முன்பே, 1838-ல், திருவந்திபுரத்துத் தேவதாசிகள் பாரிஸ் சென்று ஆடியிருந்தார்கள்.)

இரண்டாவது, நடனக் குறியீடு படிக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா? இங்கிலாந்துக் குழுக்களில் பெனஷ் முறை வழக்கம். இசைக்குப் போலவே ஐந்து கோடு: தலை உச்சி, தோள், இடுப்பு, முழங்கால், தரை. ஆடுபவரைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல எழுதுவதால் இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருக்கும். வீடியோவை மட்டும் நம்பினால் இரண்டு தவறு வரும். இடம் வலம் மாறும் குழப்பம் ஒன்று. இன்னொன்று மோசமானது: பதிவான இரவில் ஆடியவர் தடுமாறி விட்ட அடியே, அடுத்த தலைமுறைக்கு நடனமாகிவிடும்.

மூன்றாவது, வெளியிலிருந்து வருபவர்கள். பாலன்சின் நடனத்தை ஒரு குழு ஆடவேண்டுமானால், 1987-ல் அமைந்த அவருடைய அறக்கட்டளையிடம் உரிமம் பெற வேண்டும். அறக்கட்டளை ரெபெட்டிட்டரை அனுப்பிச் சொல்லிக்கொடுக்கும். அவர் ஊர் திரும்பிய பிறகு, அந்த நடனத்தைக் காக்கும் பொறுப்பு உள்ளூர்ப் பணியாளர் எவருக்கு என்று பட்டியலில் தேடுங்கள்.

இசை இயக்குநருக்கு ஒரே கேள்வி: முன்பே பாலேக்காக வாசித்தவரா, இசைக்குழுவை நடத்தியவரா? ஒத்திகைப் பியானோவிலிருந்து வந்தவருக்கு, தாவியவர் தரைதொட எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரிந்திருக்கும்.

பணக் கணக்கில் பெயர்கள்

அமெரிக்கக் குழுக்கள் பெரும்பாலும் வரிவிலக்குப் பெற்ற லாபநோக்கற்ற அமைப்புகள். ஆண்டுதோறும் வரித்துறையிடம் படிவம் 990 தாக்கல் செய்கின்றன. அது பொது ஆவணம். ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் இலவசத் தேடுதளத்தில் குழுவின் பெயரைத் தட்டினால் கிடைக்கும். ஏழாம் பகுதியில் அறங்காவலர், அதிகாரிகள், அதிகச் சம்பளம் பெறுவோர் பெயரும் தொகையும் இருக்கும். எட்டாம் பகுதியில் வருமானம்: முதல் வரி நன்கொடையும் மானியமும், இரண்டாவது வரி டிக்கெட் போன்ற பணி வருமானம்.

ஒரே ஆண்டைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தொடர்ந்து ஐந்து ஆண்டுப் படிவங்களை எடுத்து, ஏழாம் பகுதியில் நிர்வாக இயக்குநரின் பெயரை மட்டும் வரிசையாக எழுதுங்கள். ஐந்து ஆண்டில் மூன்று பெயர் வந்தால், கலை இயக்குநர் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும் கேள்வி கேளுங்கள். ஒரே ஆண்டில் இருவர் சம்பளம் தெரிந்தால் பதற வேண்டாம். பதவி கைமாறிய ஆண்டில் அப்படித்தான் வரும். கலை இயக்குநரே நடன அமைப்பாளராகவும் இருந்தால், இணைப்புத் தாள் எல்-ஐப் பாருங்கள். குழுவுக்கும் அதன் தலைவர்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அங்கே வரும்.

இங்கிலாந்தில் இங்கிலாந்து நேஷனல் பாலே போன்ற அறநிறுவனங்களின் ஆண்டறிக்கை அறநிறுவன ஆணையத்தில் கிடைக்கும். நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் தாக்கலாக வேண்டும். அங்கே 60,000 பவுண்டுக்கு மேல் பெறுவோரைப் பத்தாயிரம் பத்தாயிரமாகப் பிரித்து எண்ணிக்கை தருவார்கள். அதனால் தனி ஒருவரின் சம்பளத்தை எப்போதும் கண்டுபிடிக்க முடியாது.

புதிய தலைவரை எப்போது எடைபோடுவது?

பருவங்கள் இரண்டு மூன்று ஆண்டு முன்பே திட்டமிடப்படுகின்றன. அரங்கம், உரிமம், மேடையமைப்பு, வெளியூர்ப் பயணம் எல்லாம் முன்னவர் கையெழுத்திட்டவை. ஆகவே புதியவரின் முதல் பருவத்தில் காண்பது பெரும்பாலும் பழையவருடைய ரசனை. புதியவரின் கை முதலில் தெரிவது மூன்று இடங்களில்: வேடப் பங்கீட்டுப் பட்டியல், பருவ இறுதிப் பதவி உயர்வு, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதவர்கள்.

2012-ல் ராயல் பாலே பிரின்சிபலாக இருந்த தமாரா ரோஹோ இங்கிலாந்து நேஷனல் பாலேயின் கலை இயக்குநர் ஆனார். அதற்கு முன்பே கனடாவின் நேஷனல் பாலேக்குச் சென்று, கேரன் கெய்ன் குழுவை எப்படி நடத்துகிறார் என்று அருகிலிருந்து பார்த்தவர். பதவி ஏற்ற பிறகும் அதே குழுவில் ஆடினார். கதக் பின்புலம் கொண்ட அக்ரம் கானிடம் அவர் கேட்டு வாங்கிய “டஸ்ட்” 2014-ல் வந்தது. முழுநீள “ஜிசெல்” 2016-ல். 2022-ல் அவர் சான்ஃபிரான்சிஸ்கோ பாலேக்குப் போனார், 1985 முதல் அங்கிருந்த ஹெல்கி டோமசனின் இடத்துக்கு. இந்தக் கணக்கை நீங்கள் பார்க்கும் குழுவுக்கும் போடுங்கள்: தலைவர் வந்த ஆண்டோடு இரண்டைக் கூட்டி, அந்தப் பருவத்தின் புதிய படைப்புகளையும் பிரின்சிபல் பட்டியலையும் அவர் வந்த ஆண்டின் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.