ரெயின் லில்லி பூக்கவில்லையா? கோடையில் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்

கத்திரி வெயில் காய்ச்சி எடுத்த பிறகு முதல் கனமழை விழும். அதற்கு நாலாம் நாள், ஐந்தாம் நாளில் காரைக்குடிப் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதோ ஒரு வீட்டு வாசலில் ரெயின் லில்லி, மழைக்குப் பூக்கிற அந்தச் சின்னக் கிழங்குச் செடி, விரிந்திருக்கும். அன்றைக்கு என் போனுக்கு இரண்டு வகைப் படங்கள் வரும். ஒன்று பூவின் படம். இன்னொன்று, வெங்காயத் தாள் மாதிரியான இலைத்தாள் மட்டும் தளதளவென்று நிற்கிற தொட்டி. அதற்குக் கீழே, “எங்க வீட்டுல மட்டும் ஏன் வரலை?”

இரண்டாவது படம் அனுப்புகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவர்கள்தான் செடியை அதிகம் கவனிக்கிறவர்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஓட்டையில்லாத தொட்டியில் நடாதீர்கள், வெயில் படாத மூலையில் வைக்காதீர்கள் என்பதையெல்லாம் நர்சரிக்காரரே சொல்லி அனுப்பியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன். ஆண்டுதோறும் புதிதாக வளர்ப்பவர்கள் விடாமல் செய்கிற தவறுகள் மட்டும் இங்கே.

குரோக்கஸ் கிழங்கை வரவழைப்பது

லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்வந்த ஆச்சி ஒருவர், பிப்ரவரியில் அங்கே புல்தரையெல்லாம் ஊதாவும் மஞ்சளுமாகக் குரோக்கஸ் பூத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “அதையே நம்ம தோட்டத்துல வச்சா என்னப்பா?” என்றார். வைக்கலாம், பூக்காது. வசந்தத்தில் பூக்கும் குரோக்கஸுக்கு ஏறக்குறைய 12 வாரமாவது 9 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். அந்தக் குளிரைத் தாண்டி வந்தால்தான் உள்ளே இருக்கும் மொட்டு நீளும். நமக்கு மார்கழி விடியற்காலையே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்து ஒருமுறை பூக்க வைத்தாலும், அடுத்து வரும் சித்திரையைக் கிழங்கு தாங்காது.

குங்குமப்பூவும் குரோக்கஸ்தான். அது பூப்பது ஐப்பசிவாக்கில், காஷ்மீரில் பாம்பூர் மேட்டு நிலத்தில். ஏசி அறையில் வளர்க்கிறவர்கள் உண்டு, அது வேறு கணக்கு. ‘மொட்டை மாடியில் குங்குமப்பூ’ என்று விற்கிற கிழங்கை வாங்கிவிட்டு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

நம் ஊருக்கு ரெயின் லில்லி இருக்கிறது. பூர்விகம் அமெரிக்கக் கண்டங்கள். வெள்ளை தென்னமெரிக்காவின் அர்ஜென்டினா, உருகுவே பக்கத்தது. மஞ்சள் மெக்சிகோக்காரி. ஆனாலும் நம் செம்மண்ணில் பிறந்ததுபோல வளரும். குரோக்கஸ் குளிரில் தூங்கி எழுந்து பூக்கிறது, இது வறட்சியில் தூங்கி எழுந்து பூக்கிறது. அந்தத் தூக்கத்தைக் கெடுப்பதுதான் அடுத்த தவறு.

கோடையில் தினமும் தண்ணீர்

இதைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வரும், அதனால் நீளமாகத்தான் பேசப்போகிறேன்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் எத்தனையோ. சொந்தக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் கதவு திறக்கும். அந்த வீட்டு முகப்பில் வரிசையாக உடைந்த சிமெண்டுத் தொட்டிகள். கோடை முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தாள் காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். மழை பெய்த நாலாம் நாள் பார்த்தால், தொட்டி தெரியாமல் இளஞ்சிவப்புப் பூ.

எனக்குத் தெரிந்த ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்படி ஒரு வீட்டுக்கு அடுத்த வீடு. காலை ஒரு குவளை, மாலை ஒரு குவளை என்று கத்திரியிலும் விடாமல் ஊற்றினார். தாள் முழங்கால் உயரத்துக்குப் படர்ந்தது. பூ இல்லை. டிஏபி உரம் போட்டார். தாள் இன்னும் கறுத்துச் செழித்தது. யூரியா போட்டார். பிறகு யாரோ சொல்லி, பூ பூக்க வைக்கும் டானிக் என்று ஒரு பாட்டில். அதற்கும் மசியவில்லை என்றதும் செம்மண்ணையே கொட்டிவிட்டு, முழுக்கத் தென்னைநார்க் கழிவில் மாற்றி நட்டார். ஐப்பசி அடைமழையில் அது நனைந்த பஞ்சாக நின்றது. கார்த்திகையில் என்னைக் கூப்பிட்டு, “அண்ணே, பூட்டுன வீட்டுல பூத்துக் கொட்டுச்சு, பாத்துப் பாத்து வளத்த என் வீட்டுல இப்படி” என்றார்.

ஒரு கிழங்கைப் பிடுங்கிப் பார்த்தோம். நல்ல கிழங்கு என்றால் வெளியே பழுப்பு நிறத்தில் மெல்லிய சருகு, உரித்தால் வெள்ளை, கட்டை விரலால் அழுத்தினால் கல் மாதிரி நிற்கும். இது அழுத்திய இடத்திலேயே விரல் உள்ளே போனது. பழுப்புத் தண்ணீர் கசிந்தது, அழுகல் வாடை. மூன்று தொட்டியிலும் உருப்படியாகத் தேறியது ஒரு கைப்பிடி இருக்காது. உரம், டானிக், தென்னைநார் என்று செலவழித்த காசுக்குப் புதிதாக நாலு தொட்டி வாங்கியிருக்கலாம்.

நடப்பது இதுதான். மண் காயும்போது கிழங்கு வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போகிறது. நன்றாகக் காய்ந்து கிடந்த மண் ஒரே மூச்சில் அடிவரை நனைந்தால் பூந்தண்டு கிளம்புகிறது. நாள்தோறும் குவளைத் தண்ணீர் ஊற்றும்போது காய்ச்சலும் இல்லை, முழு நனைச்சலும் இல்லை. மேலே இரண்டு விரல் ஆழம் எப்போதும் ஈரம், அவ்வளவுதான். செடிக்குக் கோடை வந்ததும் தெரியாது, மழை வந்ததும் தெரியாது. தாள் விட்டுக்கொண்டே இருக்கும். தழைச்சத்தையும் அதன் மேல் கொட்டினால் கேட்கவே வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளை பூத்து நிற்பதும் கூடுதல் சேதம்.

சரி, என்ன செய்வது? பங்குனியில் தண்ணீரைக் குறையுங்கள். சித்திரையில் நிறுத்துங்கள். தரையில் இருப்பதற்கு அதன் பிறகு ஒன்றுமே தேவையில்லை. சின்ன மண்தொட்டி அனலாகக் கொதிக்கும் என்பதால் அதைச் சுவரோர நிழலுக்கு நகர்த்திவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை இலேசாகத் தெளித்தால் போதும். தாள் மஞ்சளாகிச் சாயும்போது மனசு கேட்காது. கேட்காமலே இருக்கட்டும். வெள்ளைப் பூ வகைக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. அது ஈரம் விரும்பி, தாளும் லேசில் காயாது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இந்தப் பட்டினி கட்டாயம்.

மழை பொய்த்துவிட்டால் நாமே மழை பெய்விக்கலாம். தொட்டியை அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் அரைமணி நேரம் இறக்கிவைத்து எடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ஒரு வாரத்துக்குள் மொட்டு தெரியும். முற்றத்து மூலையில் அண்டா வைத்து ஓட்டுத் தண்ணீர் பிடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிற வீடு என்றால், போன மழையின் தண்ணீரையே இதற்கு வைத்துக்கொள்ளுங்கள், போர் தண்ணீரைவிட நல்லது. பூ ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிற்கும். முடிந்ததும் மறுபடி இரண்டு மூன்று வாரம் காயவிட்டு நனைத்தால் இன்னொரு சுற்று வரும். ஆடி, ஆவணியில் விட்டு விட்டுப் பெய்கிற மழைக்கு இது பலமுறை பூப்பது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஓயாத ஈரம், அப்போது பூ குறையும். அது உங்கள் தவறில்லை. தொட்டிக்கு அடியில் இரண்டு ஓட்டுத் துண்டு வைத்து நீர் வடிய விட்டால் போதும்.

காரை மண்ணில் நடுவது

பழைய வீட்டைப் பிரித்த, இல்லை மராமத்து செய்த பின்கட்டுத் தோட்டங்களில் மேலே செம்மண் தெரியும், ஒரு சாண் தோண்டினால் சுண்ணாம்புக் காரைத் துண்டுகளாக வரும். அந்த இடத்தில் தாள் வெளிறி மஞ்சளடிக்கும். உரம் போட்டுத் தீராது. காரையை அள்ளி வெளியே போட்டுவிட்டு, செம்மண்ணும் மணலும் கொஞ்சம் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். இன்னும் சில இடங்களில் ஒரு முழத்திலேயே செம்பூரான் பாறை தட்டும். அங்கே குழி தோண்டினால் தண்ணீர் வடியாமல் தேங்கும். மேட்டுப் பாத்தி போடுங்கள்.

பூ முடிந்ததும் தாளைக் கத்தரிப்பது

கூடாது. கிழங்குக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் போகிறது.

ஆண்டுக்கொரு முறை தோண்டிப் பிரிப்பது

நெருக்கமாக இருந்தால்தான் இது நன்றாகப் பூக்கும். நடும்போது கழுத்து மண்மட்டத்துக்கு வரட்டும், மூன்று விரல் இடைவெளி போதும். அப்புறம் மூன்று நாலு வருஷத்துக்கு மண்வெட்டியை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிரித்து நட்ட பருவத்தில் பல செடிகள் கோபித்துக்கொண்டு பூக்காமலே இருந்துவிடும்.

விதையைப் பொட்டலம் கட்டி வைப்பது

பூ உதிர்ந்து மூன்று வாரத்தில் காய் மூன்றாக வெடித்து, கறுப்புக் காகிதத் துணுக்குகளாக விதை தெரியும். அன்றைக்கே தூவ வேண்டும். இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். அடுத்த வருஷத்துக்கு என்று டப்பாவில் வைத்தால் முளைப்புத் திறன் போய்விடும். எப்போதோ பறித்துப் பாக்கெட்டில் அடைத்து விற்கிற விதைக்கும் இதே கதிதான்.

நீல ரெயின் லில்லி

கிடையாது. படத்தில் பார்த்தது கம்ப்யூட்டர் பூசிய நீலம்.

புழுவுக்கு உடனே மருந்தடிப்பது

மழைக்குப் பிறகு கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புமாக ஒரு புழு வரும். செங்காந்தளைத் தின்பதும் அதுவே. ஒரே ராத்திரியில் தாளை அடியோடு மொட்டையடித்துவிடும். நாலைந்து தொட்டிக்கெல்லாம் மருந்து தேவையில்லை. சாயங்காலம் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் முடிந்தது. தாள் மறுபடி வரும்.

கிழங்கைச் சின்ன வெங்காயத்தோடு காயவைப்பது

இது பூ வராத பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. தோண்டிய கிழங்குகளை முறத்தில் பரப்பி, முற்றத்தில் வெங்காயம் காய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த வீட்டை நானே பார்த்திருக்கிறேன். சருகு, நிறம், அளவு எல்லாம் அச்சு அசலாகச் சின்ன வெங்காயம். தாளும் வெங்காயத் தாள் மாதிரியே இருக்கும். ஆனால் கிழங்கில் லைக்கோரின் என்ற நச்சு இருக்கிறது. சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு. குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் இன்னும் மோசம். சந்தேகம் வந்தால் ஒன்றைக் கீறி முகர்ந்து பாருங்கள், வெங்காய வாடை அடிக்காது. ஆனால் சமையல் அவசரத்தில் யாரும் முகர்ந்து பார்க்க மாட்டார்கள். அதனால் தோண்டியதை அன்றைக்கே நடுங்கள், இல்லை பெயர் எழுதிய காகிதப் பையில் போட்டு சமையல்கட்டுக்கு வெளியே மாட்டுங்கள்.