வதந்தியைப் பிடிக்கப் போய் நாமே பரப்பிவிடும் இடங்கள்

டிசம்பர் மழை வலுத்தால் போதும், 'செம்பரம்பாக்கம் ஏரி உடைஞ்சிருச்சு' என்ற செய்தி சென்னைக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்களுக்கு வந்துவிடும். அனுப்புகிறவர்களில் பலர் பயந்துபோய் அனுப்புகிறவர்கள். அவர்களையும் திட்டம் போட்டுப் பரப்புகிற கும்பலையும் ஒன்றாக எண்ணுவதுதான் முதல் தவறு. நமக்குப் பிடிக்காததைச் சொல்கிறவரையெல்லாம் 'ஐடி விங்' என்பது அதன் தம்பி.

செய்தி பொய் என்பதாலேயே அது கும்பல் வேலை ஆகிவிடாது. எக்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் பத்துப் பதினைந்து கணக்குகள் சில நிமிட இடைவெளியில் ஒரே வாசகத்தை, எழுத்துப்பிழைகூட மாறாமல் போடுகின்றனவா? தொடங்கிய தேதிகள் நெருங்கி இருக்கின்றனவா? தங்களுக்குள்ளேயே மாறி மாறிப் பகிர்கின்றனவா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால்தான் சந்தேகத்துக்கு வலு. எழுத்துப்பிழைச் சோதனை வாட்ஸ்அப்பில் செல்லாது. ஃபார்வர்டு என்றாலே பிழையும் அப்படியேதான் வரும். பலமுறை ஃபார்வர்டு ஆனதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி இல்லாததை வைத்து 'இவரே எழுதினார்' என்றும் முடிவு கட்டாதீர்கள். நகலெடுத்து ஒட்டினால் அந்தக் குறி காணாமல் போகும். ஃபேஸ்புக் பக்கமென்றால் அதன் வெளிப்படைத்தன்மைப் பகுதியைத் திறந்து பாருங்கள்: தொடங்கிய தேதியும் பழைய பெயர்களும் இருக்கும். சமையல் குறிப்புப் பக்கமாகப் பிறந்து அரசியல் பக்கமாக வளர்ந்தவை அங்கேதான் மாட்டும்.

'வீடியோ அசல்தானே' என்பது இன்னொரு சறுக்கல். 2023 மார்ச்சில் தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய இரண்டு வீடியோக்களில் அடிதடி நிஜம், சேர்த்த கதைதான் பொய். ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு தரப்பு மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை என்று காவல்துறை விளக்கியது.

மறுப்பதாக நினைத்து அந்தப் பதிவையே மேற்கோளாகப் பகிர்வது, பொய்க்கு நாமே மைக் பிடிப்பது. சரியான தகவலை முதல் வரியில் வைத்துத் தனியாக எழுதுங்கள்.

அதிகம் கெடுவது ஆதாரம்தான். கோபத்தில் வாட்ஸ்அப் குரூப் அட்மின் செய்தியை நீக்கிவிடுவார், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. முதலில் 'எக்ஸ்போர்ட் சாட்' (உரையாடலைக் கோப்பாக எடுக்கும் வசதி) எடுத்து, வந்த கோப்பைத் திருத்தாமல் வையுங்கள். எக்ஸ் பதிவென்றால் ஸ்கிரீன்ஷாட்டோடு இணைப்பும் வேண்டும். கணக்கின் பெயரை மாற்றினாலும் இணைப்பின் கடைசியிலுள்ள எண் மாறாது. அதன்பிறகு வாட்ஸ்அப் செய்தியை அழுத்திப் பிடித்து ரிப்போர்ட் செய்யுங்கள். அதை அனுப்பியவரின் கடைசி ஐந்து செய்திகள் வரை வாட்ஸ்அப்புக்குப் போகும். கூடவே சாட்டை நீக்கும் தேர்வும் வந்தால் அதில் டிக் வேண்டாம்.

ஐம்பது பேரைத் திரட்டி ஒரே நேரத்தில் ரிப்போர்ட் அடிக்கச் சொல்வது வீண். அதுவே ஒரு கும்பல் வேலை. கணக்குகளின் பட்டியல், நேரம், இணைப்பு எல்லாம் சேர்ந்த ஒரே புகாரை அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை வர வேண்டும். முடிவு திருப்தியில்லையென்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். வன்முறையைத் தூண்டும் பதிவென்றால் காத்திருக்காமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். 1930-ஐ இதற்கு அழைக்க வேண்டாம், அது ஆன்லைனில் பணம் பறிபோனவர்களுக்கான எண்.