பேஸ்பால் ஆட்டக்காரரின் கணக்கைப் படிப்பது எப்படி? லாரி வாக்கரை வைத்தே பழகலாம்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஒருவர் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் புள்ளிவிவரப் பக்கத்தை முதல் தடவை திறந்தால் தலை சுற்றும். கட்டம் கட்டமாக எண்கள், அதில் பாதி புள்ளி வைத்துத் தொடங்கும், எது பெரிய சாதனை எது சாதாரணம் என்றே பிடிபடாது. பத்துப் பேரின் பக்கத்தை மேய்வதைவிட, ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு அவருடைய கணக்கை முழுசாகப் படித்துப் பழகுங்கள், அதுதான் சீக்கிரம் புரியும். நான் சொல்லும் பெயர் லாரி வாக்கர். கனடாக்காரர், 1989 முதல் 2005 வரை வட அமெரிக்காவின் உச்ச நிலை லீகான மேஜர் லீகில் ஆடியவர், பெரும்பாலும் ரைட் ஃபீல்டில், அதாவது வலது பக்கத்துத் தொலைவான ஃபீல்டிங் இடத்தில், நின்றவர். அவருடைய கணக்கை அவசரமாகப் படித்தால் ஒன்று தலையில் தூக்கி வைத்துக்கொள்வீர்கள், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடுவீர்கள். இரண்டுமே தவறு. அமெரிக்காவில் இதையே தொழிலாகச் செய்யும் எழுத்தாளர்களே பல வருடம் இந்த இடத்தில் தடுமாறினார்கள்.

எண்களுக்குப் போகும் முன் ஆள் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். வாக்கர் 1966 டிசம்பர் 1 அன்று பிறந்தவர், பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள மேப்பிள் ரிட்ஜ்காரர். சின்ன வயதில் அவருக்குக் கனவெல்லாம் ஹாக்கிதான், கோல் காப்பவராக ஆக வேண்டும் என்று ரெஜைனா வரை போய்த் தேர்வுக்கு நின்றார், எடுக்கவில்லை. 1984-இல் மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் அணி அவரை 1,500 டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அப்போது கனடாப் பையன்கள் அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திர டிராஃப்டுக்குள் வரமாட்டார்கள், எந்த அணி முதலில் கையெழுத்து வாங்குகிறதோ அதற்கே சொந்தம். அடுத்த வருடம் நியூயார்க் மாநிலத்து யூடிகாவில் கீழ்நிலை லீகில் ஆடியபோது அவர் சராசரி .223, வேலை போய்விடும் நிலை. அந்த நாட்களில் ஒரு தடவை இரண்டாவது பேஸைத் (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டுப் போக வேண்டிய இடங்களில் ஒன்று) தாண்டி ஓடிவிட்டார், அடித்த பந்து கேட்ச் ஆகிவிட்டது, திரும்பும்போது இரண்டாவது பேஸை மறுபடி தொட வேண்டும் என்று தெரியாமல் மைதானத்தின் குறுக்கே நேராக முதல் பேஸுக்கு ஓடினார். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. மற்றவர்கள் பத்து வயதில் கற்றுக்கொண்டதை இவர் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றார் என்பது தெரிந்தால்தான் பின்னால் வரும் எண்களின் கனம் புரியும். 1988-இல் முழங்கால் காயத்தால் ஒரு வருடம் முழுக்கப் போச்சு. 1989 ஆகஸ்டில்தான் மேஜர் லீகில் கால் வைத்தார்.

சரி, இப்போது எண்கள். முதலில் பேட்டிங் சராசரி, இதில்தான் கிரிக்கெட் பழக்கம் நம்மை ஏமாற்றும். இங்கே சராசரி என்பது எத்தனை முறை அடிக்கப் போனார், அதில் எத்தனை முறை ஹிட் ஆக்கி பேஸைப் பிடித்தார் என்ற விகிதம் மட்டும். .300 என்றால் பத்துக்கு மூன்று, அதுவே நல்ல ஆட்டக்காரருக்கு அடையாளம். வாக்கரின் வாழ்நாள் சராசரி .313. ஆனால் இதோடு நிறுத்தாதீர்கள், பக்கத்தில் இன்னும் இரண்டு எண் இருக்கும். ஒன்று ஆன்-பேஸ் விகிதம், அதாவது நாலு தப்பான பந்துக்கு இலவசமாக நடந்து போனது, உடம்பில் பந்து பட்டுப் போனது எல்லாம் சேர்த்து எவ்வளவு முறை அவுட் ஆகாமல் பேஸில் ஏறினார் என்பது. அவருக்கு அது .400. இன்னொன்று ஸ்லக்கிங், ஒரு பேஸ் அடிக்கு ஒன்று, பெரும்பாலும் வேலிக்கு வெளியே பறக்கும் அடியான ஹோம் ரன்னுக்கு நாலு என்று எடை போட்டுக் கணக்கிடுவது. அது .565. இந்த மூன்றையும் .300, .400, .500 என்ற அளவுகோலில் வைத்துப் பாருங்கள். மூன்றையும் ஒரு வாழ்நாள் முழுக்கத் தாண்டியவர்கள் சொற்பம், அவர்களில் இவர் ஒருவர்.

அப்புறம் ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், பலர் இந்தக் கட்டத்தைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். வாக்கர் பதினேழு பருவம் ஆடி மொத்தம் 1,988 ஆட்டம்தான். 150-ஐத் தாண்டியது ஒரே வருடம், 1997-இல் 153. 1996-இல் காரை எலும்பு உடைந்து 83 ஆட்டத்தோடு சரி, 2000-இல் 87. ஆனால் 1994-இன் 103-ஐப் பார்த்துக் காயம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருடம் ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி, பருவமே அத்தோடு முடிந்துபோனது. எக்ஸ்போஸ் அப்போது 74 வெற்றி 40 தோல்வியோடு மொத்த மேஜர் லீகிலும் முதலிடத்தில் இருந்தது, வாக்கர் .322 அடித்து 44 டபுள் (ஒரே அடியில் இரண்டு பேஸ்) போட்டிருந்தார். அந்த அணி கடைசி வரை ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாண்ட்ரியால்காரர்கள் இன்றைக்கும் வருத்தத்தோடு பேசுகிறார்கள், எனக்கும் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். ஒரு வருடத்தின் எண் குறைவாக இருந்தால் காரணத்தைத் தேடுங்கள், காரணம் அவர் உடம்பிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி முக்கியமான இடம், இங்கே நிதானமாகப் படியுங்கள். 1995-இல் வாக்கர் கொலராடோ ராக்கீஸ் அணிக்குப் போனார், அதே வருடம்தான் அந்த அணியின் கூர்ஸ் ஃபீல்ட் மைதானம் டென்வரில் திறந்தது. டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும், பந்து வீசும் பிட்சர் வளைத்துப் போடும் பந்தோ வளைய வேண்டிய அளவுக்கு வளையாது. ஹோம் ரன் கட்டுக்கடங்காமல் போகக் கூடாது என்று வேலியைத் தள்ளிப் போட்டதால் வேலியை ஒட்டிய அவுட்ஃபீல்ட் பரந்து கிடக்கிறது, அதனால் ஃபீல்டர்களுக்கு முன்னாலும் இடையிலும் விழும் ஹிட்கள் பெருகின. ஆக அடிப்பவருக்கு எல்லாப் பக்கமும் லாபம். 2002-இல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைக்கத் தொடங்கிய பிறகுதான் இது ஓரளவு தணிந்தது.

இதை எப்படிக் கணக்கில் கொள்வது? சொந்த மைதானம், வெளி மைதானம் என்று பிரித்துக் காட்டும் பகுதியைத் தேடித் திறங்கள். வாக்கர் கூர்ஸ் ஃபீல்டில் மொத்தமாக அடித்தது .381. வெளி மைதானங்களில் வாழ்நாள் முழுக்க .278. இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்தவர்கள்தான் "காற்று அடித்துக் கொடுத்த பெயர்" என்று முடிவு கட்டினார்கள். நீங்கள் அங்கே நிற்காமல் வருட வாரியாகப் பாருங்கள். 1999-இல் அவர் .379 அடித்து லீகிலேயே முதலிடம், அதில் சொந்த மைதானத்தில் .461, வெளியே .286. உண்மைதான், அந்த வருடம் மைதானம் நிறையக் கொடுத்திருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 1997-ஐத் திறங்கள். .366, 49 ஹோம் ரன், 130 ரன் அடித்துக் கொடுத்தது, போதாததற்கு 33 பேஸ் திருடியது (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீகின் எம்விபி, அதாவது மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர், விருது. கனடாவில் பிறந்த ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை. அந்த 49 ஹோம் ரன்னில் கூர்ஸ் ஃபீல்டில் அடித்தது 20, வெளியூர் மைதானங்களில் 29. வெளியே சராசரி .346. இதற்கு எந்த மலைக்காற்றைக் காரணம் சொல்வது? இந்த ஒரு வரியைப் படித்த அன்றுதான் நான் வாக்கர் பக்கம் சாய்ந்தேன்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். .278 என்பதைத் தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும், ஆனால் வெளியே அவருடைய ஆன்-பேஸ் .370, ஸ்லக்கிங் .495, அது பல நட்சத்திரங்களின் மொத்தக் கணக்குக்குச் சமம். அதோடு பெரும்பாலான ஆட்டக்காரர்கள் வெளியூரில் கொஞ்சம் குறைவாகத்தான் அடிப்பார்கள். டென்வரில் ஒரு வாரம் வளையாத பந்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடுத்த ஊரில் நன்றாக வளையும் பந்து கூடுதல் சிரமம் தரும் என்றும் ராக்கீஸ் ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு.

இந்தத் தலைவலியையெல்லாம் ஒரே எண்ணில் அடக்கித் தருவதுதான் ஓபிஎஸ் பிளஸ். ஆன்-பேஸையும் ஸ்லக்கிங்கையும் எடுத்துக்கொண்டு, மைதானத்தின் சலுகையைக் கழித்து, அந்தக் காலத்து லீக் சராசரியை 100 என்று வைத்து ஒப்பிடுகிறார்கள். வாக்கருக்கு 141. கூர்ஸ் ஃபீல்டின் பங்கைக் கழித்த பிறகும் சராசரி ஆட்டக்காரரைவிட நாற்பது சதவீதத்துக்கு மேல் உயரத்தில் நிற்கிறார். நேரமில்லையென்றால் இந்த ஒரு கட்டத்தை மட்டுமாவது பாருங்கள்.

பேட்டிங்கோடு மூடிவிடாதீர்கள், அவுட்ஃபீல்டர் என்பவர் பாதி நேரம் கையுறையோடு நிற்பவர். வாக்கர் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருதை ஏழு தடவை வாங்கியிருக்கிறார், முதல் இரண்டு 1992, 1993-இல் மாண்ட்ரியாலில் வாங்கியவை. ரைட் ஃபீல்டிலிருந்து நேராக முதல் பேஸுக்கு எறிந்து, ஹிட் அடித்துவிட்டோம் என்று ஓடிக்கொண்டிருந்தவரை அவுட் ஆக்கியிருக்கிறார். வாழ்நாளில் 230 பேஸ் திருடியிருக்கிறார். அடி, ஓட்டம், பிடி, எறி எல்லாவற்றையும் சேர்த்து, எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று ஆட்டக்காரரைவிட அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று பார்க்கும் வார் (WAR) என்ற கணக்கில் அவருக்கு 72-க்கு மேல் வருகிறது. மெல்லிய காற்றால் ஹோம் ரன் கூடலாம், எறியும் கையும் ஓடும்போது எடுக்கிற முடிவும் கூடாது.

கடைசியாக, தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு எழுத்தாளர்கள் நடத்தும் வாக்கெடுப்பைப் பாருங்கள், அது மேலே சொன்ன எல்லாவற்றையும் மற்றவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதற்கான பதிவு. 75 சதவீதம் வேண்டும், பத்து வருடம்தான் பெயர் பட்டியலில் இருக்கும். 2011-இல் வாக்கருக்குக் கிடைத்தது 20.3 சதவீதம். 2014-இல் 10.2-க்கு இறங்கியது. ஒருவர் பத்துப் பெயருக்கு மேல் எழுத முடியாது என்பதும், அந்த நேரத்தில் பட்டியலில் பெரிய பெயர்கள் குவிந்து கிடந்தன என்பதும் ஒரு காரணம். பிறகு புதுக் கணக்குகள் பரவப் பரவ 2018-இல் 34.1, 2019-இல் 54.6, கடைசி வாய்ப்பான 2020-இல் 76.6. மொத்தம் 397 வாக்கில் 304, ஆறு வாக்கு மிச்சத்தில் பிழைத்தார். கனடாவிலிருந்து 1991-இல் நுழைந்த பிட்சர் ஃபெர்குசன் ஜென்கின்ஸுக்கு அடுத்து இவர்தான். பெருந்தொற்றால் விழா தள்ளிப்போய் 2021 செப்டம்பரில் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் நடந்தது, அதே மாதம் ராக்கீஸ் அவருடைய 33-ஆம் எண் சட்டைக்கு, இனி யாரும் போடாதபடி, ஓய்வு கொடுத்தது. மூன்று என்ற எண் மேல் அவருக்கு அப்படி ஒரு பற்று, கல்யாணத்தையே நவம்பர் 3 அன்று 3.33 மணிக்கு வைத்தவர்.

இவ்வளவும் ஆனதும் அதே வரிசையில் இன்னும் இரண்டு பேரைப் படித்துப் பாருங்கள், கை பழகிவிடும். ஒருவர் டாட் ஹெல்டன், கனடாக்காரர் இல்லை, வாக்கரோடு ஆடியவர், ஆனால் வாழ்நாள் முழுக்க ராக்கீஸிலேயே இருந்தவர், அதனால் மைதானப் பிரிவைப் படிக்கப் பழக நல்ல பாடம். இன்னொருவர் ஜேசன் பே, பிரிட்டிஷ் கொலம்பியாவின் டிரெயில் ஊர்க்காரர், 2004-இல் தேசிய லீகின் சிறந்த புதுமுகம். அவர் பக்கத்தில் 2010-இலிருந்து எண்கள் சட்டென்று சரியும். அந்த வருடம் ஜூலையில் ஒரு பந்தைப் பிடிக்கப் போய் வேலியில் மோதித் தலையில் அடிபட்டது, அதை மனதில் வைத்துக்கொண்டு ஆட்டங்களின் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.