தோட்டத்து வழக்கு எங்கே இழுபடுகிறது? தீர்ப்பின் முதல் பக்கத்தை வைத்தே கணக்குப் பார்க்கலாம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை என்று தேயிலைத் தோட்டப் பக்கம் யாரைக் கேட்டாலும் "கோர்ட்டுக்குப் போனால் தவணைக்கு மேல் தவணைதான்" என்பார்கள். சரி, எந்தக் கட்டத்தில் இழுக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள், ஆளுக்கு ஒரு பதில் வரும். சட்டத்தரணியைக் குறை சொல்பவர், கம்பனியைச் சொல்பவர், கொழும்பைச் சொல்பவர் என்று எல்லாரும் இருப்பார்கள், கணக்குப் போட்டுப் பார்த்தவர்தான் இருக்க மாட்டார். அதைச் செய்வது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன். ஃபோனும் கூகுள் ஷீட்ஸும் போதும். ஆனால் பிடிஎஃப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எண்களை அடிக்க வேண்டியிருப்பதால் ஒரு கணினி கிடைத்தால் கண்ணுக்கு நல்லது.

எல்லா வழக்கையும் ஒரே நேரத்தில் எடுத்தால் குழம்பிப்போவீர்கள். வேலைநீக்க வழக்குகளை மட்டும் எடுப்போம். வேலையில் இருந்து நிறுத்தப்பட்டவர் 6 மாதத்துக்குள் தொழில் நியாயசபையில் (லேபர் ட்ரிப்யூனல்) விண்ணப்பிக்கலாம். அங்கே கிடைத்த கட்டளை பிடிக்காதவர், அது தொழிலாளியோ நிர்வாகமோ, மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போவார். அதற்கு மேல் கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்), அங்கே முதலில் அனுமதி வாங்க வேண்டும். ஆக மூன்று படி. எந்தப் படியில் எத்தனை வருடம் போனது என்பதுதான் நம் கேள்வி.

படி 1: தீர்ப்புகளைச் சேர்த்தல்

உயர் நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் தீர்ப்புகள் திகதி வாரியாக பிடிஎஃப்பாகக் கிடக்கின்றன, யாரும் இறக்கிக்கொள்ளலாம். இறக்குவதற்கு முன் ஒரு எல்லை வையுங்கள்: குறிப்பிட்ட இரண்டு வருடத்தில் வந்த தொழில் நியாயசபை மேன்முறையீடுகள் அனைத்தும், ஒன்று விடாமல். கேள்விப்பட்ட வழக்கு, பேப்பரில் வந்த வழக்கு என்று பொறுக்கி எடுத்தால் கடைசியில் உங்கள் கோபம்தான் அட்டவணையாக வரும்.

அதில் தோட்டத்து வழக்கை அடையாளம் காண்பது சுலபம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனதால் நிர்வாகத் தரப்பின் பெயரில் பெரும்பாலும் 'பிளான்டேஷன்ஸ்' என்றோ 'எஸ்டேட்' என்றோ இருக்கும். தொழிலாளி தரப்பில் சில வேளை ஆளின் பெயருக்கு முன்னால் தொழிற்சங்கத்தின் பெயர் நிற்கும்.

படி 2: முதல் பக்கத்தை வாசித்தல்

தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பயப்படாதீர்கள், முதல் பக்கத்துக்கு ஏழெட்டுச் சொல் தெரிந்தால் போதும். மேலே இடது பக்கத்தில் உயர் நீதிமன்ற வழக்கு எண், அதன் கீழே மேல் நீதிமன்ற எண், அதற்கும் கீழே தொழில் நியாயசபை எண். பெரும்பாலான எண்களின் கடைசியில் வழக்குப் பதிவான வருடம் ஒட்டிக்கொண்டிருக்கும். 'ஆர்கியூட் ஆன்' என்பதற்கு எதிரே வாதம் நடந்த திகதி, 'டிசைடட் ஆன்' என்பதற்கு எதிரே தீர்ப்புத் திகதி. அதாவது ஒரு வழக்கின் முழு ஆயுளும் பெரும்பாலும் இந்த ஒரே பக்கத்திலேயே இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது தரப்பினரின் பெயருக்குக் கீழே கோடு போட்டுக் கோடு போட்டு நீளும் பட்டம். தொழில் நியாயசபையில் தொழிலாளி 'அப்ளிகன்ட்', நிர்வாகம் 'ரெஸ்பொண்டன்ட்'. அதற்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் மேன்முறையீடு செய்தவருக்கு 'அப்பெலன்ட்' என்றும் எதிர்த்தரப்புக்கு 'ரெஸ்பொண்டன்ட்' என்றும் வாலில் ஒன்று சேரும் (அனுமதி கேட்ட கட்டத்துக்காக இடையில் 'பெட்டிஷனர்' வந்தால் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்). இப்போது தொழிலாளியின் பெயருக்குக் கீழே 'அப்ளிகன்ட்-ரெஸ்பொண்டன்ட்-ரெஸ்பொண்டன்ட்' என்று இருந்தால் என்ன அர்த்தம்? அவர் நியாயசபையில் வென்றிருக்கிறார், நிர்வாகம் மேல் நீதிமன்றம் போயிருக்கிறது, அங்கேயும் அவர் பக்கம்தான் தீர்ந்திருக்கிறது, நிர்வாகம் விடாமல் கொழும்புக்கு இழுத்திருக்கிறது. இரண்டு தடவை வென்றும் காசு கையில் வராத ஆள். 'அப்ளிகன்ட்-ரெஸ்பொண்டன்ட்-அப்பெலன்ட்' என்றால் முதலில் வென்று நடுவில் தோற்றவர். 'அப்ளிகன்ட்-அப்பெலன்ட்-அப்பெலன்ட்' என்றால் இரண்டு இடத்திலும் கை நழுவி, மூன்றாவது கதவைத் தட்டுகிறார். வழக்கின் உள்ளே ஒரு வரி வாசிக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: வென்றவரே நட்டஈட்டுத் தொகை போதாது என்று மேன்முறையீடு செய்வதும் உண்டு, அதனால் கடைசிப் பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

படி 3: அட்டவணை

ஒரு வழக்குக்கு ஒரு வரி. நெடுவரிசைகள்: உயர் நீதிமன்ற எண், எந்த ஊர் நியாயசபை, வேலை நீக்கிய திகதி, விண்ணப்பித்த திகதி, நியாயசபைக் கட்டளைத் திகதி, மேல் நீதிமன்றத் தீர்ப்புத் திகதி, உயர் நீதிமன்றத் தீர்ப்புத் திகதி, தொழிலாளியின் பட்டம், முடிவு. முதல் பக்கத்தில் இல்லாத திகதிகளைத் தீர்ப்பின் ஆரம்பப் பந்திகளில் தேடுங்கள், வழக்கின் வரலாறு அங்கேதான் வரும். கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். தொழிலாளியின் பெயர், லயத்து முகவரி எதுவும் அட்டவணைக்கு வேண்டாம். தீர்ப்பு பகிரங்கமானதுதான், என்றாலும் ஒருவர் களவுக் குற்றச்சாட்டில் வேலை இழந்த கதையைத் தோட்டம் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றவிட நமக்கு ஒரு தேவையும் இல்லை.

திகதிதான் புதியவர்களைப் படுத்தும் இடம். தீர்ப்பில் 18.03.2010 என்று புள்ளி வைத்திருப்பார்கள், அப்படியே ஒட்டினால் ஷீட்ஸ் அதைத் திகதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளலாம், கழித்தல் வேலை செய்யாது. 05/03 என்று அடித்தால் அமைப்பைப் பொறுத்து மார்ச் 5 என்றும் எடுக்கும், மே 3 என்றும் எடுக்கும். அதனால் எப்போதும் வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் 2010-03-18 என்றே அடியுங்கள். அடித்து முடித்ததும் ஒரு சோதனை: வேலை நீக்கத்துக்கும் விண்ணப்பத்துக்கும் இடையில் 6 மாதத்துக்கு மேல் காட்டுகிறதா? ஒன்று நீங்கள் பிழையாக அடித்திருக்கிறீர்கள், அல்லது அந்த வழக்கில் காலம் கடந்த பிரச்சினையே எழும்பியிருக்கிறது. திரும்பிப் போய்ப் பாருங்கள்.

படி 4: கணக்கு

புதிதாக மூன்று நெடுவரிசை சேர்த்து, ஒவ்வொரு படியிலும் பிந்திய திகதியில் இருந்து முந்தியதைக் கழியுங்கள், வரும் நாட்களை 365ஆல் வகுத்தால் வருடம். அப்புறம் சராசரி எடுக்காதீர்கள், மீடியன் எடுங்கள். ஒரு கற்பனை உதாரணம்: ஐந்து வழக்குகள் 4, 5, 5, 6, 19 வருடம் எடுத்தன என்று வையுங்கள். சராசரி 7.8 வருடம், ஆனால் ஐந்தில் நான்கு வழக்கு 6 வருடத்துக்குள் முடிந்துவிட்டது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 5, அதுதான் மீடியன். அந்த 19 வருடத்தை மறைக்கவும் வேண்டாம், தனியாக எழுதி ஏன் என்று அந்தத் தீர்ப்பை முழுதாக வாசியுங்கள்.

பிறகு பிவட் டேபிள் (வரிகளைக் குழுவாகப் பிரித்துக் கணக்குப் போட்டுத் தரும் ஷீட்ஸ் வசதி) போட்டு, பட்டம் வாரியாகப் பிரியுங்கள். இரண்டு தடவை வென்றவர்கள் எத்தனை பேர், அவர்களின் மூன்று மீடியன்களில் எது பெரியது? எனக்குக் கேட்டால் முழு அட்டவணையிலும் வெளியே சொல்லத் தகுந்த எண் அதுதான்.

நீதிபதி வாரியாகப் பிரிக்கும் ஆசை வரும், அதைச் செய்யாதீர்கள். கையளவு வழக்குகளை வைத்து ஒரு ஆளை எடைபோடுவது கணக்கும் இல்லை, நியாயமும் இல்லை. பிரான்சில் 2019இல் வந்த சட்டம் நீதிபதியின் பெயரை வைத்து இப்படி ஆராய்வதையே குற்றமாக்கிவிட்டது. அந்த அளவுக்குப் போனதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் இங்கேயும் 2024ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நாம் அளப்பது காலத்தை.

படி 5: அட்டவணையில் வராதவர்களைத் தேடுதல்

இந்த அட்டவணையில் இருப்பவர்கள் கொழும்பு வரை போய்ச் சேர்ந்தவர்கள் மட்டும். நியாயசபையிலேயே சமரசம் பேசிக் கிடைத்ததை வாங்கிக்கொண்டவர், இரண்டாவது தவணைக்குப் பஸ் காசு இல்லாமல் விட்டவர் யாரும் இதில் இல்லை. அதனால் 'மலையகத்தில் வேலைநீக்க வழக்குகள் இத்தனை வருடம் எடுக்கின்றன' என்று எழுத முடியாது, 'உயர் நீதிமன்றம் வரை போனவை' என்றுதான் எழுதலாம்.

இந்தியாவில் நிலுவை வழக்குகளின் எண்ணிக்கையைத் தேசிய நீதித்துறைத் தரவுத்தளம் எல்லாருக்கும் திறந்து காட்டுகிறது. நாம் கேட்டு வாங்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களையும் நியாயசபைகளையும் பகிரங்க அதிகாரசபை, அதாவது கேட்டால் தகவல் கொடுக்க வேண்டிய நிறுவனம், என்றே சொல்கிறது, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். நடக்கும் வழக்கின் விபரம் கேட்டால் மறுக்க இடமிருக்கிறது, ஆகவே எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். இப்படி: "கடந்த 5 வருடங்களில், ஒவ்வொரு வருடமும், இந்த நியாயசபையில் பதிவான விண்ணப்பங்கள், கட்டளையால் முடிந்தவை, சமரசத்தால் முடிந்தவை, விண்ணப்பதாரி வராததால் தள்ளுபடியானவை, வருட இறுதியில் நிலுவையில் இருந்தவை ஆகியவற்றின் எண்ணிக்கை."

கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: அங்கீகரிக்கப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர் பதவிகள் எத்தனை, அதில் வெற்றிடம் எத்தனை. நுவரெலியாவிலும் பதுளையிலும் விசாரணை சிங்களத்தில் நடக்கிறது, மொழி தெரியாதவருக்கு அரசே மொழிபெயர்ப்பு வசதி கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை சொல்கிறது. நம் பக்கத்துத் தாமதத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது.

விண்ணப்பத்தைத் தகவல் அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான எழுத்தை வாங்காமல் வராதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதில் வந்ததும் அந்த எண்களை அதே கோப்பில் வேறொரு தாளில் போடுங்கள், உயர் நீதிமன்ற வழக்குகளோடு கலக்க வேண்டாம்.