ரஷ்யச் சேர்ந்திசையை மதுரை மாடியில் கேட்பதற்கான ஏற்பாடுகள்

மதுரையில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுப் பாடும் குழுதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்ல வருவது, எண்பது வாத்தியக்காரர்களும் அவர்களுக்குப் பின்னால் அடுக்கடுக்காக நிற்கும் பாடகர்களும் ஒருவருடைய கையசைவுக்கு இணங்கி இசைக்கும் ரஷ்யச் செவ்வியல் கச்சேரியை, குறிப்பாக அதில் பலர் கூடிப் பாடும் சேர்ந்திசையைப் பற்றி. அப்படியொரு குழுவை நம் ஊரில் நேரில் கேட்பது அரிது என்பதால், நல்ல ஒலிப்பதிவுகளை வைத்துக்கொண்டு பத்துப் பேர் மாடி ஹாலில் கூடிக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

நாள் குறிக்கும்போது ஆடி மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில், தெருமுனையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியோடு எந்தச் சேர்ந்திசையும் போட்டியிட முடியாது. மின்விசிறியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் போதும். பாடல்களை யூடியூபில் நேராக ஓடவிட்டால் நடுவில் விளம்பரம் புகுந்துவிடும் என்பதால் முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

அதிகக் கவனம் வேண்டியது ஸ்பீக்கருக்குத்தான். போன், டிவி ஸ்பீக்கர்கள் கீழ் ஸ்வரங்களை விழுங்கிவிடும். ரஷ்யச் சேர்ந்திசையின் உயிரோ அங்கேதான் இருக்கிறது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் வழிபாட்டில் வாத்தியங்களுக்கு இடமில்லை, குரல் மட்டுமே. ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாவ் எழுதி 1915-இல் மாஸ்கோவில் அரங்கேறிய 'இரவு முழுதும் வழிபாடு' அந்த மரபில் வந்தது. அதன் ஐந்தாம் பகுதி முடியும் இடத்தில் ஆண்குரல்கள் படிப்படியாக இறங்கி ஏறக்குறைய 58 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 58 அதிர்வுகள்) வரை போகின்றன. ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவர் மந்திர ஸ்தாயி ஷட்ஜத்தையும் (கீழ் 'ஸ'வையும்) தாண்டி, அதற்குக் கீழுள்ள கைசிகி நிஷாதத்தை ('நி'யை) தொடுவதற்கு இது சமம். இத்தகைய குரல்களுக்கு எங்கே போவது என்று அதை முதலில் நடத்திய டானிலினே ராக்மனினாவிடம் கேட்டாராம். விருந்தினர் வருமுன் இந்த இடத்தைப் போட்டுப் பாருங்கள். கடைசி ஸ்வரம் காதில் விழவில்லையென்றால் வேறு ஸ்பீக்கரை இரவல் வாங்குவதே வழி.

தொடக்கத்துக்கு, ரஷ்ய இசையமைப்பாளர் போரோடினின் 'இளவரசன் இகோர்' இசைநாடகத்தில் வரும் பொலோவ்ட்சிய (ஒரு நாடோடி இனத்தாரின்) நடனங்கள் பொருத்தமானவை; கால் மணி நேரத்துக்குள் முடியும், முதல்முறை கேட்பவரையும் தாளத்தால் இழுத்துக்கொள்ளும். போரோடின் தொழிலால் வேதியியல் பேராசிரியர். நாடகத்தை முடிக்காமலே 1887-இல் அவர் இறந்துவிட, சக இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் அதை நிறைவு செய்தார்கள். அடுத்து 'இரவு முழுதும் வழிபாடு'விலிருந்து மூன்று பகுதிகள் போதும். பதினைந்தையும் ஒரே மூச்சில் போட்டால் பழகாத காது சோர்ந்துபோகும்.

கர்நாடக இசையில் ஊறிய காது ஒரு குரலையும் அதன் கமகத்தையும் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதையும்) தேடிப் போகும். இங்கே ஒவ்வொரு குரலும் தன் ஸ்வரத்தில் அசையாமல் நிற்க, பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வரங்களில் நகர்கின்றன. மிருதங்கத்தின் தொப்பியை (கனத்த நாதம் தரும் பக்கத்தை) மட்டும் கவனிப்பதுபோல முதல் தடவை அடிக்குரலை மட்டும் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். மேலே நடப்பது தானே பிடிபடும். பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவதும் 'சபாஷ்' போடுவதும் இந்த மரபில் இல்லை, எனக்கு அது இன்றும் கடினமாகத்தான் இருக்கிறது.

இடைவேளைக்குப் பிறகு ராக்மனினாவின் 'மணிகள்' (1913). அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போவின் கவிதையை ரஷ்யக் கவிஞர் பால்மான்ட் ரஷ்ய மொழியில் ஆக்கியதே இதன் பாடல் வரிகள். பனிச்சறுக்கு வண்டியின் வெள்ளி மணி, கல்யாணத்தின் பொன் மணி, தீ விபத்தை அறிவிக்கும் அபாய மணி, சாவின் இரும்பு மணி என்று ஒரு மனித வாழ்க்கை முழுவதுமே நான்கு பகுதிகளில் கடந்துபோகிறது. இவ்வளவையும் அரைப் பக்கத் தமிழில் எழுதி முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். மூன்றாம் பகுதியில் தனிப்பாடகர் கிடையாது, சேர்ந்திசைக் கூட்டமே அலறும். ஒலி அளவை அந்தப் பகுதியை வைத்தே முடிவு செய்யுங்கள். நான் முதல்முறை மெல்லிய தொடக்கத்தை வைத்து முடிவு செய்துவிட்டு, மூன்றாம் பகுதியில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து நின்றபோது பதில் சொல்ல முடியாமல் விழித்தேன்.

பருத்திப்பாலை எல்லாம் முடிந்தபின் கொடுங்கள். நான்காம் பகுதி மிக மெதுவாக அடங்கி முடிகிறது. அந்த நேரத்தில் ஒரு டம்ளரைத் தரையில் வைத்தாலும் அதன் சத்தம்தான் கேட்கும்.