ரோபோட்டிக்ஸ் டீம்ல சண்டை இல்லாம டிசைன முடிவு பண்றது எப்படி

கேஎல் (கோலாலம்பூர்) பக்கம் இடைநிலைப்பள்ளில புதுசா டீம் ஆரம்பிக்கிற பசங்களுக்கும் பொறுப்பாசிரியருக்கும்தான் இது. ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் மாதிரி பள்ளிப் பசங்க ரோபோ கட்டி மோதுற போட்டின்னா டீம்ல 15 பேர் வரைக்கும் இருக்கலாம், ஆளுக்கொரு ஐடியா சொல்லுவாங்க, பொருள எடுக்க ரோபோவுக்கு மடங்குற கை வைக்கிறதா, நேரா மேல ஏறுற லிஃப்ட் வைக்கிறதான்னு புறப்பாட (கோ-கோ) நேரம் பூரா அதுலயே போயிடும்.

ஸ்டெப் 1: ரூல்புக்க எல்லாரும் படிங்க, கேப்டன் மட்டும் இல்ல. ரோபோ என்ன செய்யணும்னு மட்டும் எழுதுங்க, எப்படிங்கறது இப்ப வேணாம். "கட்டைய எடுத்து உயரத்துல வைக்கணும்" ஓகே, "லிஃப்ட் வேணும்" கூடாது. ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்ல ஆரம்பத்துல ரோபோவோட நீளம் அகலம் உயரம் எல்லாம் 18 இன்ச்சுக்குள்ள அடங்கணும், ஆட்டமே ரெண்டரை நிமிஷம், அதுல மொத 30 செகண்ட் ரோபோ தானா ஓடணும். பாதி ஐடியா இங்கயே அடிபட்டுடும்.

ஸ்டெப் 2: ஐடியா பேசுறதுக்கு முன்னாடியே எது எவ்ளோ முக்கியம், அதுக்கு எவ்ளோ வெயிட்டுன்னு பேசி முடிச்சிடுங்க. உதாரணத்துக்கு சீக்கிரம் கட்ட முடியுமா 5, உடையாம நிக்குமா 4, வேகம் 3. போர்டுல எழுதி போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க, இல்லாட்டி தன் ஐடியா தோக்குதுன்னு தெரிஞ்சதும் ஒருத்தன் "வேகம்தானே சார் முக்கியம்"னு ஆரம்பிப்பான், நல்ல பசங்களே இத செய்வாங்க.

ஸ்டெப் 3: பத்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது, தாள்ல வரையணும், பேர் எழுத வேணாம். படிவம் 5 அண்ணன் வாயத் தொறந்துட்டா படிவம் 2 தம்பி அதுக்கப்புறம் பேசவே மாட்டான், நம்ம பசங்க அப்படித்தான்.

ஸ்டெப் 4: ஒவ்வொரு ஐடியாவுக்கும் அஞ்சுக்கு எவ்ளோன்னு மார்க் போட்டு வெயிட்டால பெருக்குங்க. ஸ்டெப் 2 வரிசைப்படி கைக்கு 4, 4, 2 கிடைச்சா 20+16+6, மொத்தம் 42. லிஃப்ட்டுக்கு 2, 2, 5 கிடைச்சா 10+8+15, அதாவது 33. இவ்ளோ தூரம் இருந்தா பேச்சே வேணாம், கைதான். ஆனா 42க்கு 40ன்னு வந்தா அந்த மார்க் டேபிள நம்பாதீங்க, மார்க் போட்டதே ஒரு குத்துமதிப்புதான லா.

ஸ்டெப் 5: அப்படி நெருக்கமா வந்தா ரெண்டு குரூப்பா பிரிஞ்சி அட்டைப்பெட்டி, கேபிள் டை வச்சி ஒவ்வொரு மாடல் கட்டுங்க, ஒரே சந்திப்புல முடிக்கணும். கட்டைய பத்து தடவ எடுக்கட்டும், எத்தன தடவ விழுதுன்னு எண்ணுங்க. புடு பக்கம் ஜாலான் பாசார்ல வயரு, சுவிட்சு எல்லாம் கிடைக்கும், ஆனா இது முடியற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க.

ஸ்டெப் 6: தேதி, டேபிள், டெஸ்ட் ரிசல்ட், ஏன் அத எடுத்தோம், எல்லாத்தையும் நோட்டுப்புக்குல எழுதுங்க. எழுதுற வேலைய படிவம் 3, 4 பசங்ககிட்ட குடுங்க, படிவம் 5க்கு எஸ்பிஎம் பரீட்சை வந்துட்டா ஆளையே பாக்க முடியாது. முடிவ திரும்ப கிளறணும்னா புது டெஸ்ட் ரிசல்ட்டோட வரணும், "எனக்கு மனசு ஒப்பல சார்"னு சும்மா வந்தா ஸ்க்ரூடிரைவர கையில குடுத்து வேலைய பாக்க அனுப்பிடுங்க.